கண் மாறாக் காமிரா

ஒரு கருவி பழுதுபட்டது என்று சொல்லுமுன், அக்கருவி யாது செய்யும்படி அமைக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ளல் முறையாகும். பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்குள் இம்முறையை நம் மாணவர் நன்கு கைக்கொள்கின்றனர்; வெளியே வந்தவுடன், தம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியைப் பொறுத்தமட்டில் அதனை அறவே மறந்துவிடுகின்றனர். அங்ஙனம் மறந்ததனால் பெரியதோர் இழப்பு நேர இருந்து நீங்கிய வரலாற்றையும், அதன்கண் அடங்கிய விஷயத்தையும் இங்கு எழுதப் புகுந்தேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, தாவர நூல் பயிலும் மாணவர் ஒருவர் மிக்க வாட்டத்துடன் என் அறை வாயிலில் வந்து நின்றார். அவருடைய கைப்பேசியின் முதுகில் மூன்று லென்ஸ்கள் உள. ஒன்று இயல்பான காட்சிக்கு, ஒன்று அகன்ற காட்சிக்கு, ஒன்று தொலைவிலுள்ளதை அணுக்கமாகக் காண்பதற்கு. "ஐயா, தொலைவு லென்ஸுக்கு மாற்றினால் படம் மங்கித் தெரிகிறது, அகன்ற லென்ஸுக்கு மாற்றினால் திரை கறுத்துவிடுகிறது. கடைக்காரரிடம் காட்டினேன். மென்பொருள் கெட்டுவிட்டது, கைப்பேசி முழுவதையும் அழித்துப் புதிதாக்கினால்தான் சரியாகும் என்கிறார். நாளைக் காலை கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்" என்றார்.

"அதிலுள்ள படங்களுக்கு வேறு பிரதி உண்டா, தம்பி?" என்று வினவினேன். சிறிது நேரம் விடையில்லை. பிறகு, ஒரு பருவம் முழுவதும் மலையிலே திரிந்து எடுத்த செடிகொடிகளின் படங்கள் அதில் இருப்பதாகவும், அவற்றினும் மேலாகத் தம் தாயார் மறையுமுன் கடைசி மாதங்களில் எடுத்த படங்களும் அதிலேதான் இருப்பதாகவும், வேறெங்கும் பிரதி இல்லையென்றும் தாழ்ந்த குரலிற் கூறினார். ஆகவே லென்ஸைப் பற்றிய ஆராய்ச்சியைச் சற்றே ஒத்திவைத்து, முதலில் அப்படங்கள் யாவற்றையும் என் மேசைமீதிருந்த கணினிக்கும், பின்னர் அவர் வாங்கி வந்த சிறு பென்டிரைவுக்குமாக இரண்டு பிரதி எடுத்தோம். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதன் பின்னரே பழுதை நாடத் தொடங்கினோம்.

இனி, லென்ஸ் மாறுதல் என்பது யாது? நுண்ணோக்கியைக் கையாண்டவர் அறிவர்: ஒரு சுழல்வட்டத்தில் மூன்று அல்லது நான்கு லென்ஸ்கள் பொருத்தப்பட்டிருக்கும், வட்டத்தைத் திருப்ப, வேண்டிய லென்ஸ் குழாயின் நேர்க்கீழே வந்து 'டக்'கென்று நிற்கும். பழைய சினிமாக் காமிராக்களிலும் இத்தகைய சுழல்வட்டம் இருந்தது. கைப்பேசியினுள்ளும் இவ்வாறே ஏதோ ஒன்று திரும்புகிறது என்றும், அது சிக்கிக்கொண்டது என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. கைப்பேசியில் ஒவ்வொரு லென்ஸின் பின்னும் அதற்கே உரிய ஒளியுணர் தகடு ஒன்று தனியே உளது. ஆகவே மூன்று லென்ஸ் உடைய கைப்பேசி என்பது மூன்று முழுக் காமிராக்களை ஒரே முதுகில் சுமக்கும் கருவியே. மாறுவது எந்தக் காமிராவின் காட்சி திரைக்கு வரவேண்டும் என்னும் தெரிவு ஒன்றுதான். அத்தெரிவைச் செய்வது மென்பொருள்.

கைப்பேசியின் கனம் எட்டு அல்லது ஒன்பது மில்லிமீட்டர் அளவினதே. பெரிய காமிராக்களிற் போலக் கண்ணாடிகளை முன்னும் பின்னும் நீளத் தள்ளி அணுக்கக் காட்சி பெறுதற்கு அங்கு இடமில்லை. ஆதலின் வெவ்வேறு குவியத்தூரமுள்ள லென்ஸ்களைப் பக்கத்திற் பக்கமாக வைக்கும் உபாயம் கையாளப்பட்டது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 7 பிளஸ் என்னும் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதன் இரு லென்ஸ்களின் குவியத்தூரங்கள் முறையே 3.99 மி.மீ., 6.6 மி.மீ. ஆகும். முதலாவதன் துளையளவு எஃப் 1.8; இரண்டாவதன் துளையளவு எஃப் 2.8. இவ்வெண்கள் வெறும் விளம்பர எண்கள் அல்ல; நம் புதிரின் பாதி இவற்றினுள் அடங்கியிருக்கிறது.

துளை எண் மிக மிகத் தகட்டில் விழும் ஒளி குறையும் என்பதும், அக்குறைவு எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதும் பௌதிகம் பயின்றோர் அறிந்தவை. 2.8ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கங் காணின் 2.4 என வரும். அஃதாவது, ஒரே காட்சியில், தொலைவு லென்ஸின் தகட்டில் ஒவ்வொரு பரப்பலகிலும் விழும் ஒளி, இயல்பு லென்ஸிற்கு விழுவதில் பாதியினும் குறைவு. நண்பகலில் இக்குறை தெரியாது. மாலையிலும், விளக்கு மங்கிய அறையிலும், தொலைவு லென்ஸ் தரும் படம் புள்ளி புள்ளியாய்க் கெட்டுப்போம். இதனை முன்னரே கருதிய வல்லுநர், ஒளி குறைந்த இடத்தில் நாம் தொலைவுப் பொத்தானைத் தொட்டாலும், மென்பொருளானது இயல்பு லென்ஸின் காட்சியையே எடுத்து, அதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும்படி அமைத்துவிட்டனர். பொத்தானில் '2' என்றே இருக்கும். வேலை செய்வதோ முதற் காமிரா. நாம் தொடுவது கட்டளையென எண்ணுகிறோம். மென்பொருள் அதனை விண்ணப்பமாகவே கொள்கிறது! இவ்வேற்பாட்டை வெளிப்படையாகச் சொல்லாமல் மறைத்து வைத்தது எனக்கு உடன்பாடன்று; திரையின் ஓரத்தில் ஒரு சிறு குறி காட்டியிருப்பின் எத்துணையோ பேருடைய அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

பொருள் மிக அருகில் இருப்பினும் இவ்வாறே நிகழும். தொலைவு லென்ஸ் அண்மைப் பொருளின்மேல் குவியாது. ஆகவே மென்பொருள் வேறு லென்ஸை நாடும். 2021இல் வந்த ஐபோன் 13 புரோ வகையில் ஒரு பூவை நெருங்கிச் சென்றால், காமிரா தானே அகன்ற லென்ஸுக்குத் தாவிவிடும், 2 செ.மீ. அணுக்கத்திலும் குவியவல்லது அந்த லென்ஸே ஆதலின். செடிகளைப் படம்பிடிப்போர் இத்தாவலைக் கண்டு மருள்வதுண்டு.

மெய்யாகவே எந்தக் கண் விழித்திருக்கிறது என்றறிய இரண்டு எளிய சோதனைகள் உள. முதலாவது விரற் சோதனை. பொத்தானைத் தொட்டபின், முதுகிலுள்ள லென்ஸ்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக மூடுக. எதனை மூடியபோது திரை இருள்கின்றதோ அதுவே அப்போது வேலை செய்யும் லென்ஸ். இரண்டாவது, எடுத்த படத்தினுள்ளேயே எழுதப்பட்டிருக்கும் குறிப்பை நோக்குதல். ஒவ்வொரு படமும் தன்னை எடுத்த லென்ஸின் குவியத்தூரத்தையும் துளையளவையும் சுமந்து நிற்கும். படத்தின் விவரப் பகுதியைத் திறந்து பார்த்தால் அவை தெரியும். மேற்கூறிய ஐபோன் 7 பிளஸில் இரு மடங்குப் படமொன்றில் எஃப் 1.8 என்று காணப்படின், அது தொலைவு லென்ஸ் எடுத்ததன்று என ஐயமின்றித் துணியலாம்.

எம் மாணவருக்கு விரற் சோதனை நகைப்பை விளைத்தது. விளக்கடியில் என் புத்தக அலமாரியை நோக்கித் தொலைவுப் பொத்தானைத் தொட்டு, தொலைவு லென்ஸை மூடினார், திரை இருளவில்லை. இயல்பு லென்ஸை மூடினார், இருண்டது. மறுநாட் காலை வெயிலில் தென்னையின் உச்சியை நோக்கி அதையே செய்தபோது முடிவு தலைகீழாயிற்று. படமும் தெளிவாக வந்தது. ஆகவே அவருடைய இரு குறைகளுள் ஒன்று குறையே அன்று என்பது புலனாயிற்று. மாலை வேளையிலேயே அவர் படமெடுத்து வந்தது காரணம்.

சிலர், "மாற்றும் பொத்தானையே காணோம்" என்பர். அங்குப் பெரும்பாலும் காரணம் முறைமையே. நுண்படம், உருவப்படம் முதலிய சில முறைகளிலும், நொடிக்கு மிகுந்த சட்டங்கள் கொண்ட வீடியோவிலும் சில கைப்பேசிகள் எல்லா லென்ஸ்களையும் அளிப்பதில்லை. ஐபோனின் வீடியோ அமைப்புகளில், பதிவின் நடுவே லென்ஸ் தானாக மாறாதபடி பூட்டிவைக்கும் தெரிவு ஒன்றும் உண்டு. ஒருமுறை அதை இயக்கிவிட்டு மறந்தவரை நான் அறிவேன். செய்தி அனுப்பும் செயலிகளுக்குள் திறக்கும் காமிராவை வைத்து எதையும் முடிவு கட்டலாகாது. ஆண்ட்ராய்டு 9ஆம் பதிப்பு, 2018இல், பல காமிராக்களை ஒரே காமிராபோல் சேர்த்துப் பிற செயலிகளுக்கு வழங்கும் முறையைக் கொணர்ந்தது. எனினும் அதனை ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு செயலியும் முழுதும் பயன்படுத்துவதில்லை. அன்றியும், முதுகிற் காணும் வட்டங்கள் யாவும் படமெடுக்கும் லென்ஸ்கள் அல்ல. சில தொலைவை அளப்பதற்கு மட்டுமே உரியன. அவற்றிற்கு எக்காலத்தும் பொத்தான் இராது.

இனி, திரை கறுத்துப்போதல். இதுவே மெய்யான நோய்க்குறி. இங்கு யாம் கொண்ட ஒழுங்கு, எதையும் இழக்கச் செய்யாத சோதனை முன்னும், இழக்கச் செய்வது கடைசியிலும் வரவேண்டும் என்பதே. உறையைக் கழற்றி லென்ஸைத் துடைத்தோம். உறையின் விளிம்போ காந்தமோ இடர் செய்தல் உண்டு. வெயிலிற் கிடந்து சூடேறிய கைப்பேசி காமிராவை மறுப்பதும் இயல்பாதலின், அதனை ஆறவிட்டோம். பின்பு முற்றும் அணைத்து மீண்டும் இயக்கினோம். பின்னணியிலே காமிராவைப் பற்றிக்கொண்டிருக்கும் வேறு செயலி இருப்பின் அதன் பிடி இதனால் விடும். பயனில்லை. காமிராச் செயலியின் சேமிப்பை அமைப்புகளிற் சென்று துடைத்தோம். இதனால் எடுத்த படங்கள் அழியா. செயலியின் விருப்பங்களே பழைய நிலைக்குத் திரும்பும். அப்பொழுதும் கறுப்பே. புதுப்பிப்பு ஏதும் எஞ்சியிருக்கவில்லை. பின்னர், தயாரிப்பாளர் செயலிகளைத் தவிர மற்றவற்றை உறங்கவைக்கும் சேஃப் மோடில் கைப்பேசியைத் திறந்தோம். அகன்ற லென்ஸின் காட்சி அங்கும் கறுப்பு. அகன்ற லென்ஸைப் பயன்படுத்தவல்ல மற்றொரு செயலியிலும் கறுப்பு. ஏனைய இரண்டும் எங்கும் செவ்வையாக இயங்கின.

மென்பொருள் கெட்டிருப்பின், மூன்று காமிராக்களுள் ஒன்று மட்டும், எல்லா இடத்தும், ஒரே வகையாகக் கெடுதல் அரிது. ஆகவே, "கைப்பேசி எப்போதேனும் கீழே விழுந்ததா?" என்று கேட்டேன். மலையேறும்போது பாறைமீது ஒருமுறை விழுந்ததாகவும், கண்ணாடி உடையாமையால் அதனைப் பொருட்படுத்தவில்லை என்றும் சொன்னார். ஒவ்வொரு காமிராவும் மெல்லிய நாடா ஒன்றால் தாய்ப்பலகையோடு இணைந்திருக்கிறது. அந்நாடா நெகிழ்ந்தோ அறுந்தோ, தகடு சிதைந்தோ இருக்கலாம். அழித்துப் புதிதாக்குதல் நாடாவை ஒட்டவைக்குமோ? அன்று அவர் கடைக்காரர் சொற்படி செய்திருப்பின், தாயாரின் படங்களும் போய், திரையும் கறுப்பாகவே நின்றிருக்கும்.

உறுப்பு பழுதுபடுதற்கு வீழ்ச்சி ஒன்றே காரணம் என்பதில்லை. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் நுண்ணிய காந்த அமைப்புச் சில காமிராக்களில் உண்டு. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிற் கைப்பேசியை நேரே பொருத்தி ஓட்டினால், என்ஜினின் மிக்க அதிர்வு அவ்வமைப்பைக் கெடுக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. உறுப்பை மாற்றுதலும் கடையிலே சொல்வதுபோல எளிதன்று. 2020இல் ஐஃபிக்ஸிட் என்னும் பழுதுநீக்குக் குழுவினர், ஒரு ஐபோன் 12இன் காமிராவை அதே வகையான மற்றொன்றிற் பொருத்திப் பார்த்தபோது, அகன்ற லென்ஸுக்கு மாற மறுத்தல் முதலிய கோளாறுகளைக் கண்டு வெளியிட்டனர். ஆதலின் உறுப்பு மாற்றுமுன், மாற்றியபின் எல்லா லென்ஸ்களும் இயங்குவதைக் கடையிலேயே காட்டவேண்டும் என்று பேசிக்கொள்வது நலம்.

எம் மாணவர் மாற்றவில்லை. விலை கேட்டார், அது அவருடைய ஒரு மாத விடுதிக் கட்டணத்தினும் மிகுதியாயிருந்தது. அகன்ற காட்சி வேண்டும்போது நாலடி பின்னே சென்று நின்றுகொள்கிறார். தொலைவு லென்ஸை வெயிலில் மட்டும் பயன்படுத்துகிறார். அவர் எடுத்த செடிகளின் படங்கள் இவ்வாண்டு தாவர நூற்கழகத்தின் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தன. தாயாரின் படம் ஒன்றை அச்சிட்டுத் தம் விடுதி அறையில் மாட்டியிருக்கிறார்.