77-ஆவது நிமிடத்தில் எழுந்தவர்கள்

டிக்கெட் விலையை ஏற்றினால் வெளிநாடுகளில் கால்பந்து ரசிகர்கள் போராடுகிறார்களே, அதனால் விலை குறைந்ததுண்டா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

உண்டு. லிவர்பூலில் ஏற்றிய விலையையே திரும்பப் பெற வைத்தார்கள்.

2016-இல் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 59 பவுண்டாக இருந்த உச்ச விலையை, புதிய ஸ்டாண்டுக்காக 77 ஆக்கப் போவதாகக் கிளப் அறிவித்தது. பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துடன் ஆட்டம். சரியாக 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலை! ஜெயிக்கிற ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது எந்த ரசிகருக்கும் லேசான காரியமில்லை. அவர்கள் போனபின் சண்டர்லாந்து இரண்டு கோல் போட, ஆட்டம் சமனில் முடிந்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உச்ச விலை 59 பவுண்டிலேயே நின்றது.

அதே வாரம் ஜெர்மனியில், டோர்ட்மண்ட் ரசிகர்கள் ஸ்டுட்கார்ட் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அதுவும் டிக்கெட் விலைக்காகத்தான்.

கிளப்புகள் இறங்கி வரக் காரணம் இருக்கிறது. லிவர்பூல் ஆடும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் பெரும் வருமானம் டிவி உரிமையிலிருந்து வருகிறது. பாட்டும் கோஷமும் இல்லாத காலி இருக்கைகளை டிவியில் யார் பார்ப்பார்கள்? ரசிகர்களின் பலம் அங்கேதான்.

லிவர்பூல் போராட்டத்துக்கு அடுத்த மாதமே, வெளியூரிலிருந்து வரும் ரசிகர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் முடிவெடுத்தன. மூன்று சீசனுக்கு என்று வந்த அந்த வரம்பு, பிறகும் நீட்டிக்கப்பட்டது.