நாற்றில் சோதித்துப் பார்

தம்பி,

குதிரைமசால் நாற்றழுகலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களைத் தேடிய உன் கட்டுரையைப் படித்தேன். நாற்றின் தண்டடி நீர்கோத்து, நூலாக இளைத்து, சாய்வதை நீ எழுதியிருக்கும் பத்தி அருமையிலும் அருமை. ஆனால் அடுத்த பக்கத்திலேயே பெட்ரி தட்டில் பாக்டீரியாவைச் சுற்றி விழுந்த தெளிந்த வளையத்தை அளந்து, அகல வளையம் போட்டதே சிறந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். அதை என்னால் ஏற்க முடியவில்லை. சத்து மிகுந்த ஊடகத்தில் பாக்டீரியா நோய்க்கிருமியைத் தடுக்கும் எதையோ சுரக்கிறது என்பதற்குமேல் வளையம் எதையும் சொல்வதில்லை. வேரோரத்தில் அந்தத் தீனி கிடையாது, போட்டியோ கடுமை. வேரில் இடம்பிடித்தோ, செடியின் எதிர்ப்புத்திறனைத் தூண்டியோ காக்கும் பாக்டீரியா தட்டில் வளையமே போடாமல் இருக்கலாம். அதை நீ முதல் சுற்றிலேயே கழித்துவிடுகிறாய்.

தட்டுச் சோதனை மலிவு, நூற்றுக்கணக்கானவற்றை வேறெப்படிச் சலிப்பது என்று கேட்பாய். ஜோ ஹேண்டல்ஸ்மன் குழு விஸ்கான்சினில் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில். வயலில் வளர்ந்த குதிரைமசால் வேர்களிலிருந்து 700 பாக்டீரியாக்களைப் பிரித்தார்கள். ஈர வெர்மிகுலைட் நிரப்பிய குழாய்களில் இரண்டு நாள் நாற்றுகளை நட்டு, குழாய்க்கு ஒரு பாக்டீரியா என்று விட்டு, காப்பில்லாத நாற்று அத்தனையும் சாகும் அளவுக்கு நோய்க்கிருமியான ஃபைட்டோப்தோராவின் நீந்தும் வித்துகளைச் சேர்த்தார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தும் ஒரு நாற்றையும் சாகவிடாதது ஒன்றே ஒன்றுதான்: பேசில்லஸ் செரியஸ் யுடபிள்யூ85. குழாயும் வயலாகிவிடாது, ஆகவே அதை விதையில் பூசி, நோய் கண்ட நிலத்தில் சிறு அளவில் விதைத்தும் பார்த்தார்கள். முளைப்பு கூடியது.

உன் கட்டுரையில் பாக்டீரியா வளர்ப்பின் வயதும் இல்லை. இது சிறு விடுபடல் அல்ல. அதே ஆய்வில், பாக்டீரியாவின் வித்துகள் முழுதாக வெளிவந்த வளர்ப்பின் வடிநீர், பாக்டீரியா ஒன்றுமில்லாமலே நாற்றைக் காத்தது. வித்து தாய் உயிரணுவுக்குள் இருக்கையிலேயே எடுத்த வடிநீருக்கு அந்த வலு மிகக் குறைவு. பாக்டீரியா ஒன்றுதான், எடுத்த நேரம் மாறினால் முடிவு மாறுகிறது. யுடபிள்யூ85 நோய்க்கிருமியைத் தடுக்கும் ஸ்விட்டர்மைசின், கனோசமைன் ஆகியவற்றைச் சுரப்பது பின்னர் தெரியவந்தது. அப்படியானால் சுரப்பைத் தேடியதில் என்ன தவறு என்பாய். தேடு, ஆனால் நாற்று பிழைத்த பிறகு தேடு. வளையம் இல்லையென்று ஒதுக்கியவற்றை இன்னும் எறியாமல் வைத்திருந்தால், அடுத்த சோதனையை அவற்றிலிருந்தே தொடங்கு.