மீன் தூளில் கலக்கும் ஆழ்கடல் சுறா: கோழிக்குத் தீவனமா, பயிருக்கு உரமா?

பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பகுதிகள் கோழி வளர்ப்பிலும் சிறந்து விளங்குகின்றன. ஒப்பந்தப் பண்ணைகளுக்குத் தீவனம் நிறுவனங்களிடமிருந்தே வந்துவிடும். ஆனால், நாட்டுக்கோழி வளர்ப்போர் பலர் மக்காச்சோளம், பிண்ணாக்கு, மீன் தூள் முதலியவற்றை வாங்கித் தாமே தீவனம் கலக்கின்றனர். மீன் தூளின் தரம், அதில் எந்த மீன் சேர்ந்துள்ளது என்பதைப் பொறுத்தே அமையும்.

வலையில் சிக்கும் சிறு சுறாக்கள்

ஆழ்கடல் இறாலுக்காகக் கடலடியில் இழுவலை இழுக்கும்போது சிறு சுறாக்களும் சிக்குகின்றன. இவற்றுள் ஒருவகைப் பூனைச்சுறா முழு வளர்ச்சி அடைந்தாலும் ஓர் அடி நீளம்கூட இராது. ஓர் ஈற்றில் 1 அல்லது 2 குட்டிகளே ஈனும். விலை போகாத இத்தகைய மீன்களைக் கடலில் வீசிவிடுவர். அல்லது கழிவு மீன்களுடன் சேர்த்து உலர்த்தித் தூளாக்குவர்.

இவை எதை உண்கின்றன?

மன்னார் வளைகுடாவில் கிடைத்த மூவகை ஆழ்கடல் சுறாக்களின் இரையைப் பற்றி நாயர், அப்புக்குட்டன் ஆகிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். அவர்களது கட்டுரை 1973ஆம் ஆண்டுக்குரிய இந்திய மீன்வள ஆய்விதழில் வெளியாயிற்று. சிறு மீன், இறால் இனங்கள், கணவாய் ஆகியவையே இச்சுறாக்களின் இரை. வயிற்றை அறுத்துப் பார்த்தே இதை அறிய வேண்டும். ஆழத்திலிருந்து வலையைத் தூக்கும்போது சில மீன்கள் இரையைக் கக்கிவிடுவதால் வயிறு வெறுமையாகவும் இருக்கும். கணவாயின் கடினமான அலகு எளிதில் செரிக்காது. ஆகவே அதை மட்டும் எண்ணி முடிவு செய்தால் கணக்குத் தவறும்.

புரதக் கணக்கில் உள்ள சிக்கல்

சத்தான இரையை உண்ணும் சுறா, சத்தான தீவனமாகவும் அமையும் என எண்ணத் தோன்றும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கடல்நீரின் உப்பைச் சமாளிக்கச் சுறா தன் உடலில் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. அதன் சதையில் சுமார் 2 சதம் யூரியா இருக்கலாம்.

ஆய்வகத்தில் தழைச்சத்தை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிக் கச்சாப் புரதம் கணக்கிடுவர். 100 கிலோ சுறாச் சதையில் உள்ள 2 கிலோ யூரியாவில் 0.92 கிலோ தழைச்சத்து உள்ளது. இது கணக்கில் 5.75 கிலோ புரதமாகத் தோன்றும். ஆனால் உண்மையில் அது புரதமன்று. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை ஓரளவு புரதமாக்கும். கோழிக்கு அவ்வசதி இல்லை. எனவே, கொடுத்த பணம் எச்சத்தோடு போகும். மேலும், பிற உயிர்களை உண்டு வாழும் சுறாவின் உடலில் இரையிலுள்ள பாதரசமும் சிறிது சிறிதாகச் சேரும்.

பயிருக்கு உதவும்

கோழிக்குப் பயன்படாத யூரியா பயிருக்கு நேரடி உணவு. மீன் உரத்தில் பொதுவாகத் தழைச்சத்து 4 முதல் 10 சதமும், மணிச்சத்து 3 முதல் 9 சதமும் உண்டு, சாம்பல்சத்து குறைவு. எனவே சாம்பல்சத்தைத் தனியே இடவேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மேலாகத் தூவினால் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். தென்னைக்கு வட்டப்பாத்தியில் இட்டு, மண்ணால் மூடி, உடனே நீர் பாய்ச்சுதல் நலம். உப்பிட்டு உலர்த்திய மீனையும், உவர்நீர்ப் பாசன நிலத்தையும் தவிர்க்கவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஒரு கைப்பிடித் தூளை வெந்நீரில் இட்டு முகர்ந்து பார்க்கவும். அம்மோனியா நெடி அடித்தால் அது கெட்ட மீனாகவோ சுறா கலந்ததாகவோ இருக்கலாம்.

2. உப்புக்காகிதம் போன்ற சொரசொரப்பான தோல் துண்டுகள் தென்பட்டால் வாங்க வேண்டாம்.

3. மொத்தமாக வாங்குமுன், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் போன்ற இடங்களில் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கவும். கச்சாப் புரதத்துடன் உண்மைப் புரதம், உப்பு, மணல் ஆகியவற்றின் அளவையும் கேட்டுப் பெறவும்.

உண்மைப் புரதத்தின் அளவைப் பார்த்தே விலை பேசுதல் இலாபம் தரும்.