விக்ரோலிக் கண்டலும் பிச்சாவரச் சுரபுன்னையும்

கேள்வி: மும்பையின் விக்ரோலியில் தாணே கழியோரம் நிற்பதும் பிச்சாவரத்தில் நிற்பதும் ஒரே காடுதானா?

பதில்: இரண்டும் அலையாத்திக் காடுகளே, இனங்களும் பல பொது. ஆனால் பிச்சாவரம் என்றதும் நினைவுக்கு வருவது ஊன்றுவேர் விட்ட சுரபுன்னை. விக்ரோலியில் கண்ணை நிறைப்பது வெண்கண்டல். மழைக்காலம் போனால் தாணே கழிக்கு நன்னீர் வரத்து குறைவு, உப்பு ஏறும், நகரத்துக் கழிவும் சேரும். உப்பை இலை வழியே வெளியேற்றும் வெண்கண்டல் இத்தனையையும் தாங்கும். அதன் பரவலும் அதற்கேற்ப அகலம்: கிழக்கு ஆப்பிரிக்கா, செங்கடல் முதல் நியூசிலாந்து வரை. தாய்மரத்திலேயே முளைவிடத் தொடங்கும் விதை, நீரில் மிதந்து கரை பிடிக்கிறது.

ஆயினும் அட்லாண்டிக் கரைகளில் இது இயல்பாக வளர்வதில்லை. ஆப்பிரிக்கத் தென்முனையின் குளிர்நீர் அதற்குத் தடை. அலையாத்தி இனங்கள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் செறிந்து, அட்லாண்டிக்கில் அருகியிருக்க இதுவும் ஒரு காரணம்.

எந்த இனம் எங்கே நிற்கிறது என்று அறியச் செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. காட்டின் பரப்பைக் காட்டும் படத்தில் இனம் பிரித்தறிவது கடினம். சேற்றில் இறங்கிச் சதுரம் வகுத்து, மரங்களை இனவாரியாக எண்ணவேண்டும். விக்ரோலிக் காட்டைப் பேணும் கோத்ரேஜ் நிறுவனத்தார் 1985-இல் அங்கே கடல்சார் சூழலியல் மையம் ஒன்றை நிறுவினர். தாணே கழியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.