கட்டபொம்மன் கோட்டை மண் கோட்டை

1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனத்தை மூச்சு விடாமல் பேசிப் பார்க்காதவன் நம்மில் உண்டா? எங்க வீட்டில் சரித்திரம் என்றாலே அந்தப் படம்தான். கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போனால், சிலையைக் காட்டி "அச்சு அசல் அவரேதான்" என்பார் அப்பா. அந்தச் சிலையை 1970-ல் வைத்தவரே சிவாஜி கணேசன்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர் போய் எடுத்தார்கள். அதனால் நம்ம மனசில் நிற்பது கல் கோட்டை. பாஞ்சாலங்குறிச்சியில் இருந்ததோ மண் கோட்டை! சிவில் பிரிவு நண்பர்கள் இதைக் கவனிக்கணும். கும்பினியார் அதை இடித்தார்கள். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். படம் அதோடு சரி.

சரித்திரம் அங்கே நிற்கவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, சில நாட்களிலேயே கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார். அதுவும் மண்தான். மார்ச் 31-ல் பீரங்கியோடு வந்த படை உள்ளே நுழைய முடியாமல் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. இதைப் படமாக எடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அப்பாவிடம் சொன்னேன். "நான் கண்ணால பாத்தேன்டா, கல்லுக் கோட்டை" என்கிறார். அடுத்த லீவில் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப் போகப்போறேன். அங்கேயும் முதலில் கண்ணில் படுவது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைதான். அதைத் தாண்டி, பழைய கோட்டையின் அடித்தளம் வரை அவரை நடத்திக் கூட்டிப் போகணும்.