2.1 என்று போட்டிருக்கிறாய்

அன்புள்ள தம்பி,

செம்புரோங் நீர்த்தேக்கத்து மிதவை உயிரிகளைப் பற்றிய உன் கட்டுரை வந்து சேர்ந்தது. மூன்றாம் அட்டவணையைத் தாண்ட முடியவில்லை. ஷானன் குறியீடு 2.1, ஆகவே 'மிதமான மாசு' என்று எழுதிவிட்டாய். எந்த மடக்கையில் கணக்கிட்டாய்? உன் எண்ணிக்கையை வைத்துப் போட்டுப் பார்த்தேன், இயல் மடக்கை. ஒன்றுக்குக் கீழே கடும் மாசு, மூன்றுக்கு மேலே தூய நீர் என்ற வரம்போ 1968இல் வில்மும் டாரிஸும் இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையில் வகுத்தது. அந்த மடக்கையில் உன் 2.1, 3.03 ஆகிவிடும். பாசி மண்டிய நீர்த்தேக்கம் தூய நீராகிவிடும்! அதிலும் அவர்கள் எண்ணியது ஓடையின் அடியில் வாழும் பூச்சி, புழுக்களை. மூலத்தைப் புரட்டாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் மேற்கோள் காட்டுகிறார்கள். நீயுமா?

பால்மர் 1969இல் பாசிகளுக்கு மாசு மதிப்பெண் போட்ட பட்டியலையும் அப்படியே எடுத்திருக்கிறாய். அதில் யூக்ளினாவுக்கு 5. மைக்ரோசிஸ்டிஸை அன்று அனாசிஸ்டிஸில் சேர்த்திருந்தார்கள், அதற்கு 1தான். நச்சு சுரக்கக்கூடிய பாசி நீர்ப்பரப்பை மூடினாலும் அதே 1. அவர் அளந்தது கழிவுநீர் போன்ற கரிம மாசை. உரமும் கோழிப்பண்ணைக் கழிவும் சேர்கிற நீருக்கு அது போதாது.

எண்ணை ஓரம் வைத்துவிட்டுப் பெயர்களைப் படி. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! குளுவாங் பக்கம் சதுப்புக்காட்டு ஓடைகள் அந்தக் காலத்தில் தேயிலைச் சாயம்போல ஓடும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், கைகளை விரித்த ஸ்டாராஸ்ட்ரமும் ஓரமெல்லாம் பல் வெட்டிய மைக்ராஸ்டீரியாஸும் தெரியும். உப்புச்சத்து மிகக் குறைந்த அமிலநீர். வகைகள் சிலவே, குறியீட்டைக் கேட்டால் மாசு என்றிருக்கும். இந்த டெஸ்மிட் பாசிகளைக் கேட்டால் உண்மை தெரியும்.

ஆனால் நீர் மாதிரிகளை நீ சேகரித்த விதம் அபாரம். வலையை மட்டும் நம்பாமல், லுகால் கரைசல் ஊற்றிப் படியவைத்து, வலைக்கண்ணில் நழுவுகிற சின்னஞ்சிறு உயிர்களையும் எண்ணியிருக்கிறாய். விடியலிலும் நடுப்பகலிலும், ஆழம் ஆழமாக! இந்த வட்டாரத்தில் இவ்வளவு பொறுமையான வேலையை நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கிறது: மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவைகள்தான். பாஸ்பரஸ் இல்லை, பாசியும் இல்லை. பகலில் பாசி விடும் ஆக்சிஜன் அங்கே நல்ல மதிப்பெண்ணாகவே விழும். குடிநீர் எடுக்கும் இடத்தில் பாசியின் நிலையை எடுத்துச் சொல்ல உன்னைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

பின்னிணைப்பில் ஒளித்திருக்கும் பெயர்ப் பட்டியலை முன்னே கொண்டுவா. மூன்றாம் அட்டவணையை எடுத்துவிடு. லுகால் புட்டிகளை இருட்டில் பத்திரமாக வை. மைக்ரோசிஸ்டிஸ் என்று மட்டும் போட்டிருக்கிறாய், எந்த இனமென்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அண்ணன்