பாக்கெட் ஹோல் போடும் தங்கைக்கு



நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கே.கே. நகர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பட்டறையே போட்டுவிட்டாய். மனம் நிறைந்தது. பலகையில் சாய்வாகத் துளை போட உதவும் பாக்கெட் ஹோல் ஜிக் வாங்கியிருப்பதாகச் சொல்லி, "ஆசாரிகள் இதை மதிப்பார்களா?" என்று கேட்டிருந்தாய். மதிப்பவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு. நீ கேட்க வேண்டியது வேறு: இந்த மூட்டு எத்தனை காலம் நிற்க வேண்டும், என்ன பாரம் தாங்க வேண்டும்?

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ஏவி.எம். ஸ்டூடியோ 1948இல் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்தது. அது நிலைகொண்ட வடபழனி வட்டாரத்தில், செட் போடும் ஆசாரிகள் ரீப்பரும் ப்ளைவுட்டும் ஆணியும் வைத்து அரண்மனை எழுப்புவார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப்போடுவார்கள். அந்த வேலைக்கு ஆணிதான் சரியான மூட்டு. அதே காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால், பர்மா தேக்கில் செய்த கதவும் நிலையும் நூறாண்டு தாண்டியும் அசையாமல் நிற்கின்றன. அங்கே கழுந்தும் அது செருகும் துளையும் வேண்டும். நீ செய்ய நினைக்கும் புத்தக அலமாரியும் டிவி ஸ்டாண்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. பாக்கெட் ஹோலுக்கு உரிய இடம் அதுதான்.

இது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் வருந்தாதே. மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு சேர்க்க உளியால் சாய்வாகக் குழி வெட்டித் திருகாணி போடுவது பழைய வழக்கம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிரெய்க் சோமர்ஃபெல்ட் என்ற, கருவிகளும் டைகளும் செய்யும் தொழிலாளி, 1980களில் தன் வீட்டுச் சமையலறை அலமாரிகளைச் செய்யும்போது அந்தக் குழியை டிரில்லிலேயே போட ஒரு ஜிக் வடிவமைத்தார். இந்த ஜிக்குகளைச் செய்யும் கிரெக் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது.

ஜிக் செய்வது ஒரே வேலைதான். ஏறக்குறைய 15 டிகிரி சாய்வில், படிவைத்த பிட்டை நேராக வழிநடத்தும். அகலமான துளையில் திருகாணியின் தலை உட்காரும். நுனியின் சின்னத் துளை வழியே திருகாணி அடுத்த பலகைக்குள் ஏறும். 18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு ஒன்றேகால் அங்குலத் திருகாணி, 12 மி.மீ.க்கு ஒரு அங்குலம். கடையில் 18 என்று தந்தாலும் நீயே அளந்துபார். பிட்டின் காலரைப் பூட்டும்போது நுனிக்கும் ஜிக்கின் அடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடு. டிரில்லை முழு வேகத்தில் சுற்றவிட்டு இறக்கு, நடுவில் ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைக் கழி. கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் தொடாதே.

திருகாணியில் மட்டும் கஞ்சம் பிடிக்காதே. கறுப்பு ஜிப்சம் போர்டு திருகாணி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் தலை கூம்பு. குழிக்குள் ஆப்பு போல இறங்கிப் பலகையைப் பிளக்கும். தலைக்கு அடியில் தட்டையாக வாஷர் வைத்த திருகாணியே வேண்டும். ப்ளைவுட்டுக்கும் பைன் மரத்துக்கும் பெரிய புரி, தேக்கு போன்ற கெட்டி மரத்துக்கு நெருக்கமான புரி. நம் கடற்கரைக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துத்தநாகப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கு. சமையலறைக்குச் செய்வதானால் ப்ளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்றும் பார்.

இனி நான் மிகவும் வற்புறுத்துவது. மூட்டின் தரம் அறுப்பில் இருக்கிறது. பலகையின் முனை மூலைமட்டத்துக்கு ஒரு மி.மீ. தப்பியிருந்தால், திருகாணி அந்தக் கோணலையே இறுக்கி நிரந்தரமாக்கிவிடும். ஜிக்கைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் கழிவுப் பலகையில் கோடு போட்டு அறுத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே இரு. பக்கத்து வீட்டார் மதியத் தூக்கம் முடிந்து எழுந்த பிறகு அறு. கை வந்துவிட்டால், ஃபெவிகால் தடவி, முகம் சமமாக இருக்கக் கிளாம்ப் போட்டு, டிரில்லின் கிளட்சைக் குறைத்து முடுக்கு. கடைசிச் சுற்றுகளைக் கையால் திருகுவது இன்னும் நல்லது. ப்ளைவுட்டில் புரி அரைபட்டுவிட்டால் பிறகு பிடிக்காது.

குழியை எந்தப் பலகையில் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். திருகாணி இன்னொரு பலகையின் முகத்திலோ பக்கவாட்டிலோ ஏறட்டும். மரத்தின் வெட்டுமுனைக்குள் நேராக ஏறினால் பிடிமானம் குறைவு. அலமாரியில், தட்டின் அடியில் குழி போட்டு நிற்கும் பலகைக்குள் ஏற்று. ப்ளைவுட்டின் விளிம்புக்குள் ஏற்றாதே, அடுக்குகள் பிரியும்.

நாற்காலிக்கு வேண்டாம். உட்காருகிறவர் பின்னால் சாயச் சாய, மூட்டு நாளெல்லாம் அசைபடும். அங்கே கழுந்து வெட்டக் கற்றுக்கொள். கெட்டி மரத்தில் மேசை செய்தால் மேற்பலகையைப் பாக்கெட் ஹோலால் சட்டத்தோடு கட்டிப்போடாதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் குறுக்கே உப்பும், ஏசி ஓடும் மாதங்களில் சுருங்கும். அசைய இடம் இல்லையென்றால் பலகை வெடிக்கும். நீள்துளை போட்ட கிளிப் வைத்துப் பிடி. ப்ளைவுட்டுக்கு இந்தப் பயம் இல்லை.

நீ வரைந்த அலமாரிப் படத்தில் முதுகுப் பலகையைக் காணோம். 6 மி.மீ. ப்ளைவுட் போதும்; நான்கு பக்கமும் திருகாணி போட்டு அடை. பக்கவாட்டு ஆட்டத்தை மூட்டுகளைவிட அந்தப் பலகைதான் அதிகம் தடுக்கும். அடைக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அள, இரண்டும் சமமாக வர வேண்டும். பிறகு மேல் தட்டில் இரண்டு எல் பிராக்கெட் வைத்துச் சுவரோடு பூட்டிவிடு. உன் அண்ணன் பையன் தவழத் தொடங்கிவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். அவன் பிடித்து ஏறுவதற்குள் அதை முடித்துவிடு.

அன்புடன்,
அக்கா